ரம்புத்தான் பையில் ஒரு சின்ன அந்துப்பூச்சி: பெயர் கண்டுபிடிக்க எந்த வழி நல்லது?

மலேசியாவில், பினாங்குத் தீவின் பாலிக் பூலாவில் இருக்கும் ஓர் அக்கா போன சீசனில் ஒரு படம் அனுப்பினார். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்த ரம்புத்தான், பையின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு கொசு அளவுக்கு ஒரு பழுப்புப் பூச்சி. "தம்பி, இது என்ன பூச்சி? படம் போதுமா, இல்ல பூச்சியப் புடிச்சு வச்சுக்கணுமா? டிஎன்ஏ பார்க்கலாம்னு மகன் சொல்றான், அதுக்கு ரொம்ப செலவாகுமா?"

இதே கேள்வி எனக்கு வேறு வேறு ரூபத்தில் வந்துகொண்டே இருக்கிறது. ஆயர் ஈத்தாமில் வாசல் லைட்டுக்கு வந்த வெள்ளை விட்டில், கறிவேப்பிலையில் கோலம் போட்டது மாதிரி கோடு இழுக்கும் புழு, குளியலறைச் சுவரில் பையைச் சுமந்துகொண்டு ஊருவது என்று எதுவாக இருந்தாலும் கேட்பவர் கடைசியில் நிற்கும் இடம் ஒன்றுதான்: படம் எடுப்பதா, வளர்த்துப் பார்ப்பதா, அறுத்துப் பார்ப்பதா, டிஎன்ஏ-வுக்கு அனுப்புவதா? அதனால் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பெரிய அந்துப்பூச்சிகளுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. இரண்டு கை அகலத்துக்கு இறக்கை விரிக்கும் அட்லஸ் அந்துப்பூச்சி சுவரில் வந்து உட்கார்ந்தால் ஒரே படத்தில் பெயர் தெரிந்துவிடும். நம் வட்டாரத்துப் பெரிய அந்துப்பூச்சிகளுக்கு ஜெரமி ஹாலோவே போர்னியோவை வைத்து எழுதிய 18 பகுதி நூல் வரிசை இருக்கிறது, இணையத்திலும் படிக்கலாம், தீபகற்பத்துப் பூச்சிகளுக்கும் பெருமளவு கைகொடுக்கும். ஆனால் ஒரு சென்டிமீட்டர் சொச்சம் இறக்கை விரிக்கும் சின்னவற்றுக்கு அந்த மாதிரி ஒன்று நம்மிடம் கிடையாது. உலகத்தில் பெயர் வைக்கப்பட்ட அந்துப்பூச்சி, பட்டாம்பூச்சி எல்லாம் சேர்த்துச் சுமார் 1,60,000 இனம், அதில் பட்டாம்பூச்சி 20,000-க்கும் குறைவு. மிச்சத்தில் பெரிய பங்கு இந்தச் சின்னதுகள்தான். தமிழில் 'அந்து' என்றாலே பாட்டி காலத்திலிருந்து நெல்லிலும் அரிசியிலும் விழும் குட்டிப் பூச்சிதான்.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன்.

பெயர் எந்த மட்டம் வரை வேண்டும்? குடும்பம் போதுமா, அதற்குள் அடங்கும் பேரினம் வேண்டுமா, பேரினத்துக்குள் வரும் தனி இனத்தின் பெயரே வேண்டுமா? இதுதான் எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி, இதைக் கேட்காமலேயே பலர் டிஎன்ஏ-வுக்குப் போய் நிற்கிறார்கள்.

அடுத்து காசு. அதற்கடுத்து நேரம்.

நான்காவது, நாளைக்கு வேறொருவர் வந்து "இது சரியா?" என்று கேட்டால் எடுத்துக் காட்ட ஏதாவது மிஞ்சியிருக்குமா?

ஐந்தாவது அனுமதி. உங்கள் வீட்டு மரத்துப் பூச்சி வேறு, தெலுக் பஹாங்கில் இருக்கும் தேசியப் பூங்காவில் பிடித்த பூச்சி வேறு. பூங்காவிலும் காட்டு ஒதுக்கீட்டிலும் அனுமதி இல்லாமல் பிடிக்கக் கூடாது. மாதிரியை ஆராய்ச்சிக்காக வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் உயிரியல் வளங்களுக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வரும், தபாலில் போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

## வழி 1: படம்

காசு இல்லை, பூச்சிக்கும் கேடு இல்லை. கைப்பேசியில் மேக்ரோ லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி உயிரினப் படங்களைப் பதியும் ஒரு தளத்தில் ஏற்றினால் நிரல் ஒரு பெயரை நீட்டும், பிறகு மனிதர்கள் வந்து பார்ப்பார்கள். எல்லாரும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரியாக எடுத்த படம் பெரும்பாலும் குடும்பம் வரை கொண்டுபோய் விட்டுவிடும். ஆங்கில டி எழுத்து மாதிரி ஒல்லி இறக்கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் டெரோஃபோரிடே. மேலிருந்து பார்க்கும்போது மணி கவிழ்த்தது போல இருந்தால் டோர்ட்ரிசிடேயாக இருக்க வாய்ப்பு அதிகம். தலையில் கலைந்த முடி மாதிரி செதில் நின்றால் டினெய்டே பக்கம் பாருங்கள். முன்பக்கத்தைத் தூக்கி, முன்னங்காலை ஊன்றி, வால் பக்கம் தாழ்த்தி உட்கார்ந்தால் கிராசிலாரிடே. இதெல்லாம் தெரிய மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேராக ஒன்று என்று மூன்று படம் வேண்டும், பக்கத்தில் ஒரு ரூலரும் இருக்க வேண்டும். ரூலர் இல்லாத படத்தில் 6 மில்லிமீட்டர் பூச்சியும் 16 மில்லிமீட்டர் பூச்சியும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இதில் மறைந்திருக்கும் செலவு, தவறான பெயர். நிரல் அதிகம் பார்த்துப் பழகியது ஐரோப்பா, அமெரிக்கப் பூச்சிகளை. பினாங்குப் பூச்சிக்கு அது தயங்காமல் ஓர் இங்கிலாந்துப் பெயரைக் கொடுக்கும், நாமும் ஆசையில் சரி என்போம், இன்னொருவரும் வந்து சரி என்றால் அந்தத் தளத்தில் அது 'ஆய்வுத் தரம்' ஆகிவிடும். இரண்டு பேரும் பார்த்தது அதே ஒரு படத்தைத்தான்.

எனக்கே நடந்தது. சில வருஷத்துக்கு முன் ஒரு சாம்பல் நிறப் பூச்சியைப் படம் எடுத்து, திரையில் வந்த பெயரை ஏற்றுக்கொண்டு, பூச்சியை ஜன்னல் வழியாக விட்டுவிட்டேன். பிறகு விஷயம் தெரிந்த ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பேரினத்தில் படத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, பூச்சி இருக்கிறதா என்றார். இல்லை. அந்தப் பதிவு இன்றைக்கும் பேரின மட்டத்தில்தான் நிற்கிறது, அதை மேலே கொண்டுபோக இனி யாராலும் முடியாது. அன்றிலிருந்து பெயர் தெரியாத சின்னப் பூச்சி எதையும் படம் மட்டும் எடுத்து விடுவதில்லை.

படம் போதுமான இடம்: சும்மா தெரிந்துகொள்ள வேண்டும், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், தேசியப் பூங்காவில் பார்த்தீர்கள், அல்லது உங்கள் வீட்டில் என்னென்ன வருகிறது என்று ஒரு கணக்கு வேண்டும்.

## வழி 2: புழுவாகப் பிடித்து வளர்ப்பது

நான் பேச வந்ததே இதைப் பற்றித்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சின்ன அந்துப்பூச்சிகளின் புழுக்களில் பெரும்பாலானவை கண்டதையெல்லாம் தின்பதில்லை, குறிப்பிட்ட ஒரு செடியை அல்லது சில செடிகளை, சில நேரம் அந்தச் செடியின் குறிப்பிட்ட ஒரு பாகத்தைத்தான் தின்னும். லைட்டுக்கு வந்த பூச்சியிடம் அந்தத் தகவல் இல்லை. புழுவாகப் பிடித்தால் செடியின் பெயர் முதல் நாளே கையில் இருக்கிறது, ஆயிரக்கணக்கில் இருக்கும் சாத்தியம் பத்து இருபதாகச் சுருங்கிவிடும்.

கறிவேப்பிலையிலும் எலுமிச்சை இலையிலும் வெள்ளிக் கம்பி மாதிரி வளைந்து வளைந்து போகும் கோட்டைப் பார்த்திருப்பீர்கள். இலையின் மேல்தோலுக்கு அடியில் ஒரு புழு தின்றுகொண்டே நகர்ந்த பாதை அது. எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, பாம்பு மாதிரிக் கோடு, கடைசியில் இலை ஓரத்தை மடித்துக் கூடு. இந்த மூன்றையும் பார்த்தாலே ஃபிலோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்ற பெயர் முதலில் நினைவுக்கு வரும். 1856-இல் ஸ்டெயின்டன் என்ற ஆய்வாளர் கல்கத்தாப் பூச்சிகளை வைத்துப் பெயரிட்டது. இறக்கை நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்த, வெள்ளி நிறத்து, இறக்கை விரித்தால் 4-5 மில்லிமீட்டர் வரும் பூச்சி அது. லைட்டில் வந்து உட்கார்ந்தால் தூசி என்று ஊதிவிடுவோம்.

இப்போது அக்காவின் ரம்புத்தானுக்கு வருகிறேன். ரம்புத்தானைக் கடித்து உரிக்கும்போது காம்பு பக்கத்தில், கொட்டையின் மேல், காப்பித் தூள் மாதிரி ஒரு பழுப்புக் கசடு இருக்குமே, சில சமயம் ஒரு வெளிறிய புழுவும் நெளியுமே, பினாங்கில் அதைப் பார்க்காத வீடு கிடையாது. அந்தக் கசடு புழுவின் எச்சம். அதைப் போடுவது கொனோபோமோர்ஃபா கிராமெரெல்லா என்ற சின்ன அந்துப்பூச்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1904-இல் ஸ்னெல்லன் என்ற ஆய்வாளர் பெயர் வைத்த பூச்சி. கொக்கோ வளர்ப்பவர்களுக்கு இது பெரிய எதிரி, 1980-களில் சபாவிலும் பிறகு தீபகற்பத்திலும் கொக்கோத் தோட்டங்களை நாசமாக்கியது இதுதான். கொக்கோ அமெரிக்காவிலிருந்து வந்த மரம், ரம்புத்தான் இந்த மண்ணின் மரம், அதனால் ரம்புத்தான் மாதிரி உள்ளூர்ப் பழங்களிலிருந்துதான் பூச்சி கொக்கோவுக்குத் தாவியது என்று கருதுகிறார்கள். கொக்கோக்காரர்களுக்கு வெளியே இதன் பெயர் யாருக்கும் தெரியாது, ரம்புத்தான் தின்கிற நமக்கும்தான்.

நான் செய்த முறை இது. புழு இருப்பது போல் தெரிந்த பத்துப் பழத்தைச் சாப்பாடு கட்டித் தரும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டேன், அடியில் இரண்டு மடிப்பு டிஷ்யூ, மூடிக்குப் பதில் மெல்லிய துணி, ரப்பர் பேண்ட். டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் வைத்தேன், இல்லாவிட்டால் ஒரே இரவில் எறும்பு காலி பண்ணிவிடும். தினமும் டிஷ்யூ மாற்ற வேண்டும், பினாங்குக் காற்றின் ஈரத்தில் பழம் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். மூன்றாம் நாள் ஒரு புழு பழத்தை விட்டு வெளியே வந்து, டப்பா ஓரத்தில் போட்டிருந்த காய்ந்த இலையின் குழிவில், மெழுகுத் தாளை இழுத்து ஒட்டியது மாதிரி ஒரு மெல்லிய படலம் கட்டிக்கொண்டது. ஒரு வாரத்தில் பூச்சி. லென்ஸில் பார்த்தபோது ஒல்லியான பழுப்பு இறக்கை, நீளவாக்கில் நெளிந்து போகும் வெள்ளைக் கோடு, நுனியில் மஞ்சள் புள்ளி, உடம்பைவிட நீளமான உணர்கொம்பு பின்பக்கம் படிந்து கிடந்தது. வெறும் கண்ணுக்கு அது ஒரு காய்ந்த புல் துண்டு.

மறைந்திருக்கும் செலவு நேரம். முட்டையிலிருந்து பூச்சி வரை இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம், புழுவாகக் கிடைத்தால் இரண்டு மூன்று வாரம், அவ்வளவு நாளும் தினம் பார்க்க வேண்டும், ஊருக்குப் போனால் யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். அப்புறம் சில டப்பாவில் அந்துப்பூச்சிக்குப் பதில் சின்னக் குளவி வரும். புழுவுக்குள் முட்டையிட்டு அதைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணி அது. தூக்கிப் போடாதீர்கள், எந்தப் பூச்சியை எந்தக் குளவி தின்கிறது என்பதும் பலருக்குத் தேவைப்படும் தகவல்.

பூச்சி வெளிவந்ததும் உடனே எதுவும் செய்யாமல் ஒரு நாள் விடுங்கள், இறக்கை காய்ந்து நிறம் நிலைக்கட்டும். பிறகு சின்னப் போத்தலில் போட்டு ஃப்ரீசரில் ஓர் இரவு. காலிக் கூட்டையும் கூட்டுப்புழுத் தோலையும் அதே போத்தலோடு வைத்துவிடுங்கள். சீட்டில் இடம், தேதி, செடி, பிடித்தவர் பெயர் நான்கும் இருக்க வேண்டும், பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹால் பட்டால் போய்விடும்.

வளர்ப்பு சரியான இடம்: வீட்டில் மரமோ செடியோ இருக்கிறது, புழு கண்ணில் படுகிறது, அவசரம் இல்லை.

## வழி 3: அறுத்துப் பார்ப்பது

வளர்த்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும், அதற்குத்தான் இந்த வழி. ரம்புத்தானில் வந்ததால் மட்டும் அது கிராமெரெல்லா என்று அடித்துச் சொல்ல முடியாது. நெடுநாள் அந்த ஒரே பெயரில்தான் தென்கிழக்காசியப் பூச்சிகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1986-இல் பிராட்லி என்பவர் மாதிரிகளை எடுத்து உட்கார்ந்து பார்த்து, மிக நெருங்கிய உறவில் மூன்று புது இனங்கள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார்: சைனென்சிஸ், லிச்சியெல்லா, ஓஷியானிகா. முதல் இரண்டும் லைச்சி, லோங்கான் மரங்களில் இருப்பவை. வெளித்தோற்றத்தில் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி, உறுதியாகப் பிரிக்க வயிற்றின் நுனியில் இருக்கும் பிறப்புறுப்பைத்தான் பார்க்க வேண்டும்.

அந்துப்பூச்சி ஆராய்ச்சியில் இது பழைய, நம்பகமான முறை. வயிற்றைத் தனியே எடுத்து 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊற வைத்தால் சதையும் கொழுப்பும் கரைந்து கெட்டியான பாகம் மட்டும் நிற்கும், செதிலைத் தூரிகையால் துடைத்து, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் பதிப்பார்கள். சொல்லும்போது எளிது. 12 மில்லிமீட்டர் இறக்கை விரிக்கும் பூச்சியின் வயிறு அரிசி நொய் அளவுகூட இருக்காது, கை நடுங்கினால் போச்சு. நல்ல ஸ்டீரியோ நுண்ணோக்கி வேண்டும், அந்தக் காரக் கரைசல் தோலையும் கண்ணையும் எரிக்கும், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைச் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இன்னொரு மறைமுகச் செலவு, ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். நம் பக்கத்துச் சின்ன அந்துப்பூச்சிகளில் நிறையவற்றுக்குப் பெயர் வைத்தவர் எட்வர்ட் மெய்ரிக், 1854 முதல் 1938 வரை வாழ்ந்த ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியர். 14,000-க்கும் மேற்பட்ட இனங்களை விவரித்தவர், உழைப்பை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் பிறப்புறுப்பை அறுத்துப் பார்க்கும் முறையை அவர் ஏற்கவில்லை, அதனால் அவர் விவரிப்புகளில் அந்தத் தகவல் இல்லை. அவர் பெயர் வைக்க அடிப்படையாக எடுத்த மூல மாதிரிகள் பெரும்பாலும் லண்டனில். பின்னால் வந்தவர்கள் அவற்றை வரைந்து வெளியிட்டிருந்தால்தான் உங்கள் கண்ணாடித் தகட்டுக்கு ஜோடி கிடைக்கும்.

யாருக்கு ஏற்றது என்றால் உயிரியல் படிக்கும் மாணவர்களுக்கு. மிண்டெனில் அறிவியல் பல்கலைக்கழகம், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், கெப்போங்கில் வன ஆராய்ச்சி நிறுவனம் என்று ஆய்வகமும் பூச்சித் தொகுப்பும் இருக்கும் இடங்களில், தெரிந்தவர் பக்கத்தில் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. மற்றவர்கள் பூச்சியைக் கெடுக்காமல் காய வைத்து வைத்திருந்தால் போதும், பிறகு ஒருவர் செய்துகொள்வார்.

## வழி 4: டிஎன்ஏ

அக்காவின் மகன் சொன்னது. 2003-இல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபர்ட் குழு முன்வைத்த முறை, சிஓஐ என்ற மரபணுவில் சுமார் 658 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் படித்து, கடைப் பொருளின் பார்கோடு மாதிரி பட்டியலில் தேடுவது. பூச்சியின் ஒரு கால் போதும். புழுவையும் முட்டையையும்கூட வளர்க்காமல் அப்படியே அடையாளம் காணலாம், மற்ற மூன்று வழியாலும் இது பெரும்பாலும் முடியாது.

ஆனால் பட்டியலில் இருந்தால்தானே பெயர் வரும்? நான் ஒரு முறை காலை அனுப்பிப் பார்த்தேன். வரிசை அழகாக வந்தது, பெயர் வரவில்லை, மிக நெருங்கிய பொருத்தம் வேறொரு நாட்டில் யாரோ பெயர் தெரியாமலே பதிந்து வைத்த ஒரு எண். டிஎன்ஏ பொய் சொல்லவில்லை, அந்தப் பூச்சியின் பெயரை யாரும் இன்னும் அங்கே எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். எழுதி வைத்தவர் தவறாக எழுதியிருந்தால் அந்தத் தவறும் உங்களுக்கு வந்து சேரும். புழுவுக்குள் குளவி இருந்தால் குளவியின் வரிசை வரவும் வாய்ப்புண்டு. ஆய்வகக் கட்டணத்தோடு அனுப்பும் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள், ஒரே ஒரு பூச்சிக்கு இது கட்டுப்படியாகாது.

ஏற்ற இடம்: கிராமெரெல்லா மாதிரி நன்றாக ஆராயப்பட்ட விவசாயப் பூச்சி, அல்லது ஒரு குழுவாகச் சேர்ந்து பல மாதிரிகளை ஒரே நேரத்தில் அனுப்புவது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | பெயர் எதுவரை | செலவு | நேரம் | பிறகு சரிபார்க்கலாமா |
|---|---|---|---|---|
| படம் | குடும்பம், சில நேரம் பேரினம் | இல்லை | ஒரு நாள் | படத்தில் தெரிவதை மட்டும் |
| வளர்ப்பு | பேரினம், பல நேரம் இனம் | டப்பா, துணி | சில வாரம் | முடியும், செடித் தகவலோடு |
| அறுத்தல் | இனம், ஒப்பிட வரைபடம் இருந்தால் | நுண்ணோக்கி, பயிற்சி | கற்க மாதக்கணக்கில் | முடியும், தகட்டை வைத்திருந்தால் |
| டிஎன்ஏ | இனம், பட்டியலில் இருந்தால் | ஆய்வகக் கட்டணம், அனுப்பும் செலவு | ஆய்வகத்தைப் பொறுத்து | மிச்ச உடம்பை வைத்திருந்தால் |

புது இனமாக இருக்குமோ என்ற ஆசை சிலருக்கு உண்டு, எனக்கும் உண்டு. அப்படியானால் நான்கும் வேண்டும். விலங்குப் பெயரிடல் விதிப்படி 2000 முதல் புதுப் பெயர் வைப்பவர் மூல மாதிரி எது என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டாக வேண்டும், அது எந்தத் தொகுப்பில் இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். ஃப்ரீசரில் நீங்கள் வைத்த போத்தல்தான் அந்த மாதிரியாக ஆகும்.

## அக்காவுக்கு நான் சொன்னது

"உங்களுக்கு மரத்தைக் காப்பாத்தணுமா, பெயர் தெரியணுமா?" என்று கேட்டேன். ரெண்டும் என்றார்.

மரத்துக்கு இனப் பெயர் வரை போக வேண்டியதில்லை. விழுந்த பழத்தை மரத்தடியில் அழுக விடாமல் பொறுக்கிக் கட்டிப் போடுங்கள், கைக்கு எட்டும் கொத்துகளைக் காயாக இருக்கும்போதே பை கட்டி மூடுங்கள், பழுத்ததை மரத்தில் நாள் கணக்கில் விடாதீர்கள். எந்த கொனோபோமோர்ஃபாவாக இருந்தாலும் இதே வேலைதான்.

பெயருக்கு, டப்பா. டிஎன்ஏ இப்போதைக்கு வேண்டாம் என்று மகனிடமும் சொல்லச் சொன்னேன், பக்கத்து வீட்டு லோங்கான் மரத்திலிருந்தும் தனியாக ஒரு டப்பா போட முடிந்தால் இரண்டையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம், அப்போது காசு செலவழித்தாலும் அர்த்தம் இருக்கும் என்றேன்.

ரம்புத்தான் டப்பாவில் ஐந்து அந்துப்பூச்சியும் இரண்டு குளவியும் வந்தன. லோங்கான் டப்பாவில் பூஞ்சைதான், அடுத்த சீசனில் திரும்பப் போட வேண்டும். ஏழு போத்தலும் ஒரு பழைய பிஸ்கட் டின்னில், அக்காவின் ஃப்ரீசரில், மீன் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. சீட்டு எல்லாம் பென்சிலில், அக்காவின் கையெழுத்தில்: பாலிக் பூலாவ், ரம்புத்தான், தேதி, அவர் பெயர்.